சிட்னியில் மார்கழி வெயில்

மார்கழிக் குளிரில் நாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும்போது, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள், தெரியுமா நேயர்களே?

கோடை விடுமுறை கிடைத்த மகிழ்ச்சியில், கடற்கரையில் அலையோடு விளையாடுவார்கள்! நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பது நம் வட அரைக்கோளம். தெற்கே இருப்பது அவர்களுடைய தென் அரைக்கோளம். பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதால், அங்கே கோடை என்றால் இங்கே குளிர்.

இதை உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் காட்டலாம். ஒரு சாத்துக்குடியின் நடுவே பேனாவால் வட்டமாகக் கோடு போடுங்கள். அதைச் சற்றே சாய்த்துப் பிடித்து, சாய்வு மாறாமல் மேசை விளக்கைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் மேல்பாதிக்கு வெளிச்சம் அதிகம். எதிர்ப்பக்கம் போனால் கீழ்ப்பாதிக்கு அதிகம். எந்தப் பாதியில் இப்போது கோடை என்று குழந்தையே சொல்லட்டும்!