நாற்றங்கால் இல்லாமல் நடவு ஏது?

பிரிட்டனின் 'இண்டி ராக்' என்றவுடன், கிட்டார் ஒலி மேலோங்கிய, சற்றே சோகமும் எள்ளலும் கலந்த பாடல்களே இன்றைய ரசிகர்களின் நினைவுக்கு வரும். ஆனால், அச்சொல் இசையின் வடிவத்தைக் குறிக்கப் பிறந்ததன்று. 'இண்டிபென்டன்ட்' என்பதன் சுருக்கமான அது, தொடக்கத்தில் ஒரு பொருளாதாரச் சொல். 1980 ஜனவரியில் 'இண்டி' இசைத்தட்டுகளுக்கென அந்நாட்டில் தனி விற்பனைப் பட்டியல் தொடங்கப்பட்டபோது, அடிப்படை நிபந்தனை ஒன்றே: பெரும் நிறுவனங்களின் விநியோக அமைப்பைச் சாராமல் இசைத்தட்டு கடைகளை வந்தடைந்திருக்க வேண்டும்.

எழுபதுகளில் ஒலிப்பதிவு, தட்டு அச்சிடல், விநியோகம், விளம்பரம் ஆகிய அனைத்தும் ஒரு சில பெரும் நிறுவனங்களின் பிடியில் இருந்தன. இந்த நுழைவுத் தடையை உடைத்தவர்களில் முதன்மையானது மான்செஸ்டர் நகரின் 'பஸ்காக்ஸ்' குழு. சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, நான்கு பாடல்கள் கொண்ட இசைத்தட்டைத் தாங்களே பதிவுசெய்து 1977 ஜனவரியில் வெளியிட்டனர். முதலில் அச்சிட்டவை ஆயிரம் பிரதிகள், விற்றவை பல்லாயிரம். இந்தத் தொழிலுக்குள் நுழைய எவ்வளவு குறைந்த முதல் போதும் என்பதை நாட்டின் இளைஞர்கள் அன்று அறிந்துகொண்டனர்.

உற்பத்தி செய்துவிட்டால் போதுமா? சந்தைக்குக் கொண்டுசெல்ல வேண்டாமா? லண்டனில் 1976-இல் ஜெஃப் டிராவிஸ் தொடங்கிய 'ரஃப் டிரேட்' இசைத்தட்டுக் கடை, இதற்கும் விடை கண்டது. யார்க், பிரிஸ்டல், லிவர்பூல், எடின்பரோ போன்ற நகரங்களின் விநியோகஸ்தர்கள் அதனுடன் கைகோத்து, எண்பதுகளில் நாடு தழுவிய விநியோகக் கூட்டமைப்பை உருவாக்கினர். ஏறத்தாழ ஒரு கூட்டுறவு அமைப்பைப் போன்று அது இயங்கியது. 'தி ஸ்மித்ஸ்' குழுவின் பாடல்கள் ரஃப் டிரேட் வழியாகவே உலகை எட்டின. 'ஜாய் டிவிஷன்' குழுவை வளர்த்த மான்செஸ்டரின் 'ஃபேக்டரி' நிறுவனம், செலவு போக எஞ்சும் லாபத்தைக் கலைஞர்களுடன் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டது.

இவற்றை வைத்து, எவர் துணையுமின்றித் தனிமனித முயற்சி வென்றது என்று முடிவுகட்டிவிடலாகாது. எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. சுயதொழில் தொடங்க முன்வரும் வேலையற்றோருக்கு வாரம் 40 பவுண்டு வீதம் ஓராண்டு வழங்கும் திட்டத்தை மார்கரெட் தாட்சர் அரசு நாடெங்கும் விரிவாக்கியது. இசைத்தட்டு நிறுவனங்களை மனத்தில் கொண்டு தீட்டப்பட்ட திட்டமல்ல அது. ஆயினும், பின்னாளில் 'ஒயாசிஸ்' குழுவை உலகுக்குத் தந்த 'கிரியேஷன்' நிறுவனத்தின் ஆலன் மெக்கீ, அதனால் பயனடைந்தவர்களுள் ஒருவர். அரசு உதவித்தொகையுடன் படிக்க முடிந்த ஓவியக் கல்லூரிகளும், அறிமுகமற்ற குழுக்களை அழைத்துப் பாடவைத்த பி.பி.சி. வானொலியின் ஜான் பீல் போன்றோரும் இந்த இசைக்கு மறைமுக மானியமாக அமைந்தனர்.

வளரும் தொழில்களுக்குத் தொடக்கக் காலத்தில் பாதுகாப்புத் தேவை என்பது பொருளாதாரத்தில் பழைய வாதம். அதற்கு இசை உலகில் நல்ல சான்று, ஷெஃபீல்டு நகரின் 'பல்ப்' குழு. அது உருவானது 1978-இல். ஜான் பீல் நிகழ்ச்சிக்காக முதன்முதலில் பாடியது 1981-இல். நாடறிந்த குழுவானது 1995-இல். பதினேழு ஆண்டுகள்! அடுத்த காலாண்டின் லாபத்தை மட்டுமே கணக்கிடும் எந்த அமைப்பும் அத்தனைக் காலம் காத்திருக்காது. சிறிய அரங்குகளும் சிறிய நிறுவனங்களும் காத்திருந்தன.

அந்தச் சிறு நிறுவனங்கள் அனைத்தும் திறமையாக நடத்தப்பட்டன என்றும் சொல்வதற்கில்லை. ரஃப் டிரேட்டின் விநியோகப் பிரிவு 1991-இல் நொடித்தது. ஃபேக்டரி 1992-இல் திவாலானது. அதே ஆண்டில் கிரியேஷன் தன் பங்குகளில் 49 சதவீதத்தை சோனி நிறுவனத்துக்கு விற்றது. இருந்தும், அவை வளர்த்த கலைஞர்கள் ஈட்டித்தந்த வருவாயைப் பெரும் நிறுவனங்கள் இன்றளவும் அறுவடை செய்துவருகின்றன. பொருளியலில் இதனைப் 'புறவிளைவு' என்பர். செலவு செய்தவர் ஒருவர். பயன் பெறுபவர் வேறொருவர்.

1993 மே மாதம் கிளாஸ்கோவில் சுமார் 300 பேர் மட்டுமே நிற்கக்கூடிய 'கிங் டட்ஸ்' என்ற அரங்கில்தான் ஒயாசிஸ் குழுவை மெக்கீ முதன்முதலில் கேட்டார். மூன்றே ஆண்டுகளில், 1996 ஆகஸ்டில், நெப்வொர்த்தில் இரண்டு இரவுகளில் இரண்டரை லட்சம் பேர் அக்குழுவைக் கேட்கத் திரண்டனர். அந்த 300 பேர் அரங்கம் இல்லையெனில், இந்த இரண்டரை லட்சம் பேர் திடல் ஏது?

இன்று அந்த அடித்தளமே ஆட்டம் கண்டுள்ளது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் பிரிட்டனில் 125 சிறு அரங்குகள் மூடப்பட்டன அல்லது நேரடி இசை நிகழ்ச்சிகளைக் கைவிட்டன என்கிறது அவற்றின் நலனுக்காக இயங்கும் அறக்கட்டளை. அவ்வாண்டில் இத்துறையின் சராசரி லாபம் வெறும் 0.5 சதவீதம். வாடகை, மின்கட்டணம், வரி, அருகில் புதிதாகக் குடியேறுவோரின் இரைச்சல் புகார் எனக் காரணங்கள் பல. அடிப்படைக் காரணத்தைப் பொருளியல் அறிஞர்களான வில்லியம் பாமலும் வில்லியம் போவனும் 1966-லேயே சுட்டிக்காட்டினர். தொழிற்சாலையில் இயந்திரத்தால் உற்பத்தித் திறன் பெருகும். மேடையில் நான்கு பேர் வாசிக்க வேண்டிய பாடலுக்கு என்றும் நான்கு பேர்தான் தேவை. செலவு மட்டுமே ஏறிக்கொண்டிருக்கும்.

மறுபுறம், பெரிய விளையாட்டுத் திடல்களின் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடைப்பதே அரிதாகிறது. தொழில்நுட்பம் வளர வளர, உச்சியில் உள்ள சிலரே பெரும்பகுதி வருவாயைப் பெறுவர் என்று 1981-இல் ஷெர்வின் ரோசன் விளக்கியது இசைத்துறையில் அப்படியே பலித்திருக்கிறது.

இணையத்தில் எவரும் பாடலை வெளியிடலாமே, சிறு அரங்கம் எதற்கு என்று கேட்கலாம். வெளியிடுவதற்கான தடை நீங்கியது உண்மையே. ஆனால், முன்பின் அறியாத ஐம்பது பேர் முன்னால் நின்று பாடி, அவர்களின் முகக்குறிப்பிலிருந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் பயிற்சியைக் கைப்பேசி தருவதில்லை.

இதற்கு ஒரு தீர்வும் முன்வைக்கப்பட்டுள்ளது. பெரிய அரங்குகளின் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு பவுண்டு போன்ற சிறு தொகையைச் சிறு அரங்குகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பதே அது. 2024-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு இத்தகைய பங்களிப்பைப் பரிந்துரைத்தது, அரசும் ஆதரித்தது. ஆனால், அதைக் கட்டாயமாக்காமல் இசைத்துறையினரின் விருப்பத்துக்கு விட்டது. இங்குதான் சிக்கல். பயன் அனைவருக்கும், செலவு விரும்பியவருக்கு என்றால், கொடுக்காமல் ஒதுங்குவதே லாபமாகிவிடும். பிரான்ஸில் ராக் உள்ளிட்ட மேடை நிகழ்ச்சிகளின் டிக்கெட் வருவாயில் 3.5 சதவீதத்தைச் சட்டப்படியே வசூலித்து இசைத்துறைக்குத் திருப்பித் தருகிறார்கள்.

நலிந்த தொழிலுக்கு அளிக்கும் நன்கொடையாக இதனைக் கருத வேண்டியதில்லை. அறுவடை செய்பவர் விதைநெல்லுக்கு எடுத்துவைக்கும் பங்கு இது. நூறு பவுண்டு கொடுத்துத் திடலில் பாட்டுக் கேட்பவருக்கு ஒரு பவுண்டு பெரிய சுமையாகாது. அந்த ஒரு பவுண்டு எடுத்துவைக்கப்படாவிட்டால், இன்னும் இருபது ஆண்டுகளில் அதே திடலில் பாடுவதற்கு முதிய குழுக்களைத் தவிர வேறு எவரும் இருக்க மாட்டார்கள்.

கட்டுரையாளர்:
பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).