கட்சிக் கொடி இல்லாத வேட்பாளர்

வீட்டு வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். கை கூப்புகிறார். தோளில் கட்சித் துண்டு இல்லை. பின்னால் கொடி பிடிக்க ஆள் இல்லை. "அம்மா, உங்கள் ஓட்டு எனக்கு" என்று கேட்கிறார்.

வீட்டுக்கார அம்மாள் என்ன கேட்பார்?

"தெருக் குழாயில் தண்ணீர் வருமா? விளக்கு எரியுமா? சாக்கடையை அள்ளுவீர்களா?"

இவ்வளவுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரே கிராமத்துக்கு நல்ல வேட்பாளர்.

இப்படி ஓட்டுக் கேட்கும் காட்சி படூர் கிராமத்திலும் உண்டு. சென்னையிலிருந்து மகாபலிபுரத்துக்குப் போகும் பழைய சாலையில், கேளம்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது படூர். கிழக்கே கொஞ்ச தூரத்தில் உப்பளங்களும் கோவளத்துக் கடலும். முன்பு வயலும் ஏரியுமாக இருந்த பக்கம் இது. பிறகு பக்கத்துச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. படூரில் பெரிய கல்லூரி வந்தது. மாடி மாடியாக வீடுகள் எழுந்தன. தண்ணீர் லாரிகள் ஓடின.

இதனால் ஒரே ஊரில் இரண்டு வகை மக்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்கள் ஒரு பக்கம். வேலைக்காக வந்து குடியேறியவர்கள் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் தண்ணீர் வேண்டும், குப்பை அள்ள வேண்டும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தலைவர் வேண்டும்.

ஐந்து வருடம் தலைவர் இல்லை!

படூர் இருக்கும் செங்கற்பட்டு மாவட்டம் 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் காஞ்சீபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அடுத்த மாதமே தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. ஆனால் செங்கற்பட்டு போன்ற 9 மாவட்டங்களுக்கு நடக்கவில்லை. புது மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதால் வார்டு எல்லைகளைத் திரும்ப வகுக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன்பு, 2016-ல் நடக்க வேண்டிய தேர்தலும் ஐகோர்ட்டுத் தீர்ப்பால் நின்று போயிருந்தது. ஆகவே, இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சுமார் ஐந்து வருடம் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரே இல்லை. தனி அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். குழாய் உடைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? "என் ஓட்டு வாங்கினாயே!" என்று யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? ஆள் இல்லை.

கடைசியில், 2021-ம் ஆண்டு அக்டோபர் 6, 9 தேதிகளில் இந்த 9 மாவட்டங்களிலும் ஓட்டுப் பதிவு நடந்தது.

நாலு நிறச் சீட்டு

கிராமத்து வாக்காளருக்கு அன்று நாலு ஓட்டு. நாலு சீட்டும் நாலு நிறம். வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு. கிராமப் பஞ்சாயத்துத் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. பஞ்சாயத்து யூனியன் உறுப்பினருக்குப் பச்சைச் சீட்டு. மாவட்டப் பஞ்சாயத்து உறுப்பினருக்கு மஞ்சள் சீட்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யூனியனுக்கும் மாவட்டத்துக்கும் கட்சிகள் தங்கள் சின்னத்தில் போட்டியிடலாம். வார்டு உறுப்பினர் பதவிக்கும், கிராமத் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு-சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்ற பொதுச் சின்னங்களே கொடுக்கப்படும். சட்டத்தின் கண்ணில் அங்கே எல்லோரும் சுயேச்சைதான்.

ஏன் இப்படி? ஊர்க் குழாய்க்குக் கட்சி இல்லை. தெரு விளக்குக்கும் கட்சி இல்லை. கிராமம் இரண்டாகப் பிளக்கக் கூடாது என்பதே நோக்கம். மறைமுகமாகக் கட்சிகள் ஆள் நிறுத்துவது உண்டு என்பது ஊரார் எல்லோரும் அறிந்ததே. ஆனாலும் கட்சி பலம் இல்லாத ஒருவர் துணிந்து நிற்பதற்குச் சட்டம் இங்கே கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

நிற்பதற்குச் செலவும் அதிகம் இல்லை. வயது 21 ஆகியிருக்க வேண்டும். அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2021 தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய். தலைவருக்கு 600 ரூபாய். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் செய்யப்பட்டது. அடுப்படியில் தண்ணீர்க் கஷ்டத்தை அறிந்த தாய்மார்கள் ஏராளமானோர் இதனால் தலைவர் ஆனார்கள்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பு

ஊரார் கூடித் தங்களுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிது அல்ல. செங்கற்பட்டுக்குத் தென்மேற்கே உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் கல்வெட்டுக்கள் உள்ளன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு போல. தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதினார்கள். குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொன்னார்கள். இதுவே குடவோலை முறை.

வரும் பெயருக்கு விதிகள் உண்டு. வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது! மூன்று ஆண்டுக்குள் பதவி வகித்தவருக்கும் இடம் இல்லை. ஏரியைக் கவனிக்க ஒரு வாரியம், தோட்டத்தைக் கவனிக்க ஒரு வாரியம் என்று வேலையைப் பிரித்துக் கொண்டார்கள்.

ஆனால் குறையும் இருந்தது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கே அந்தக் குடத்தில் இடம். ஏழைக்கும் பெண்ணுக்கும் இல்லை. அந்தக் குறை நீங்க ஆயிரம் ஆண்டு ஆயிற்று. கணக்குக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்ற பாடம் மட்டும் இன்றைக்கும் பொருந்தும்.

வேலையை விட்ட இஞ்சினீயர்

கட்சிப் பலத்தை நம்பாமல், ஊரை நம்பி நின்று ஜெயித்தவர்கள் உண்டா? உண்டு. அவர்களில் நாடறிந்த ஒருவர் குத்தம்பாக்கம் இளங்கோ.

குத்தம்பாக்கம் சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள கிராமம். அங்கே தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் இளங்கோ. சேரி வேறு, ஊர் வேறு என்பதைச் சிறு வயதிலேயே கண்டவர். படித்து ரசாயன இஞ்சினீயர் ஆனார். மத்திய அரசின் விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனத்தில் நல்ல வேலையும் கிடைத்தது.

ஆனால் மனம் ஊரிலேயே இருந்தது. கிராமத்தில் கள்ளச் சாராயம் காய்ச்சினார்கள். குடித்துவிட்டு அடிதடி. ஜாதிச் சண்டை. "இந்த ஊரை யார் மாற்றுவது?" என்ற கேள்வி அவரைத் துளைத்தது. 1994-ல் வேலையை விட்டார். மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது.

1996-ல் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அதற்கு முந்திய தேர்தல் 1986-ல் நடந்தது. பத்து வருட இடைவெளிக்குப் பிறகு, புதுப் பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ் நடந்த முதல் தேர்தல் அது. இளங்கோ நின்றார். ஜெயித்தார். கிராமத் தலைவர் ஆனார்.

பதவி போனது, ஊர் கூடியது

ஊராரை வைத்தே ஐந்தாண்டுத் திட்டம் போட்டார். சாராயத் தொழிலை விட்டவர்களுக்கு வேறு வேலைக்கு வழி தேடினார். சாக்கடை கட்டும் வேலை வந்தது. புதுக் கல் வாங்கினால் செலவு அதிகம். பக்கத்துக் கருங்கல் பட்டறைகளில் வெட்டி எறிந்த கல் துண்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றைக் கொண்டு வந்து கட்டினார். செலவு மிச்சம். ஊர்க்காரர்களுக்குக் கூலியும் கிடைத்தது.

அங்கேதான் வந்தது வினை! "விதிப்படி செய்யவில்லை" என்று புகார் எழுந்தது. இளங்கோ பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்.

கட்சி இருந்தால் கட்சி பேசும். சுயேச்சைக்கு யார் பேசுவார்கள்? ஊர் பேசியது! கிராம சபை கூடியது. ஆணும் பெண்ணுமாக ஜனங்கள் திரண்டார்கள். செலவுக் கணக்கு எல்லோர் முன்னாலும் வைக்கப்பட்டது. "எங்கள் தலைவர் தவறு செய்யவில்லை" என்று மக்கள் சொன்னார்கள். பதவி திரும்பக் கிடைத்தது.

அடுத்து அவர் செய்த காரியம் இன்னும் பெரிது. 50 இரட்டை வீடுகள் எழுந்தன. நடுவில் ஒரே சுவர். ஒரு பக்கம் தாழ்த்தப்பட்ட குடும்பம். மறு பக்கம் வேறு ஜாதிக் குடும்பம். நூறு குடும்பங்கள் இப்படி அடுத்தடுத்துக் குடியேறின. 2001 தேர்தலில் மக்கள் மறுபடியும் இளங்கோவையே தேர்ந்தெடுத்தார்கள். மற்ற ஊர்த் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பணியையும் அவர் மேற்கொண்டார்.

யார் கையில் சாவி?

இளங்கோவைக் காப்பாற்றியது எது? கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுவது பழைய வழக்கம். பிறகு மார்ச் 22-ம், நவம்பர் 1-ம் சேர்க்கப்பட்டு வருடத்துக்கு ஆறு கூட்டம் என்று ஆயிற்று.

அங்கே கூலிக்காரரும் கேட்கலாம், கம்பெனி அதிகாரியும் கேட்கலாம். "எவ்வளவு வரவு? எவ்வளவு செலவு? எங்கே ரசீது?"

தலைவர் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியாது. செக்கில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே, தலைவர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. வார்டு உறுப்பினர்களும் நல்லவர்களாக வேண்டும். வெள்ளைச் சீட்டையும் இளஞ்சிவப்புச் சீட்டைப் போலவே யோசித்துக் குத்த வேண்டும்.

சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விடுகிறார்கள் என்று செய்தி வருவது உண்டு. சட்டப்படி அது குற்றம். பதவியைப் பணம் கொடுத்து வாங்கியவர் போட்ட பணத்தை எங்கே எடுப்பார்? உங்கள் ஊர்க் குழாயிலும் தெரு விளக்கிலும்தான் எடுப்பார். ஓட்டுக்குப் பணம் வாங்கினாலும் இதே கதைதான்.

படூர் போல வேகமாக வளரும் ஊர்களில் இந்தப் பொறுப்பு இரண்டு மடங்கு. பழைய தெருக்காரர் புது மாடிக்காரரை அந்நியர் என்று நினைக்கக் கூடாது. மாடியில் இருப்பவரும் "இது நம் ஊர் இல்லை" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. இரண்டு பேரும் குடிப்பது ஒரே நிலத்தடித் தண்ணீர்.

அடுத்த தடவை கொடி இல்லாமல் ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால் உடனே கதவைச் சாத்தாதீர்கள். உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"ஜெயித்த பிறகு, கிராம சபையில் எங்கள் முன்னால் கணக்குக் காட்டுவீர்களா?"

அந்தக் கேள்விக்குத் தயங்காமல் தலையாட்டுகிறவரை மறக்காதீர்கள். அவர் ஜெயித்தால், கூட்டத்துக்கும் தவறாமல் போங்கள்.

பூட்டு அவர் கையில் இருக்கலாம். சாவி உங்கள் கையில்!