பெருந்தமனியில் ஸ்டெண்ட் கிராஃப்ட்: வலி இல்லை என்று பரிசோதனையை விட்டுவிடாதீர்

வயிற்றுப் பகுதியில் பெருந்தமனியின் இயல்பான அகலம் சுமார் 2 செண்டிமீட்டர். முதுமை, புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றால் அதன் சுவர் தளர்ந்து பலூன்போல் வீங்கலாம். ஆண்களுக்கு வீக்கம் 5.5 செண்டிமீட்டரை எட்டினால், அது வெடிக்கும் முன் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

வயிற்றைத் திறக்காமல், தொடை இடுக்கிலுள்ள இரத்தக்குழாய் வழியாக, துணி போர்த்திய உலோகக் குழாயை உள்ளே பொருத்துவது ஒரு வழி. அதுவே ஸ்டெண்ட் கிராஃப்ட்.

பிரிட்டனில் 1999இல் தொடங்கிய ஆய்வில், திறந்த அறுவை சிகிச்சையைவிட இம்முறையில் முதல் மாத உயிரிழப்பு குறைவாக இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த நன்மை மறைந்தது. குழாய் பொருத்திய பிறகும் சிலருக்கு வீக்கம் வெடித்ததே முக்கியக் காரணம்.

குழாயின் ஓரத்திலோ சிறு கிளை நாளங்கள் வழியாகவோ இரத்தம் மீண்டும் வீக்கத்துக்குள் கசியலாம். குழாய் நகரலாம்; அடைபடலாம்; கிருமி தொற்றலாம். கசிவு பெரும்பாலும் வலி தராது. ஸ்கேனில்தான் தெரியும்.

சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை:

* சிறுநீரகக் கோளாறு
* ஸ்கேன் சாய மருந்து, நிக்கல் உலோக ஒவ்வாமை
* இனிப்புநீருக்கான மெட்ஃபோர்மின், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்துகள்

சிகிச்சைக்குப் பின் வழக்கமாக முதல் மாதத்திலும், ஓராண்டிலும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் ஸ்கேன் எடுக்க வேண்டும். இது ஆயுள் முழுவதும் தொடரும். புகைப்பதை அறவே நிறுத்த வேண்டும். வேறு மருத்துவமனைக்குச் சென்றாலும் ஸ்டெண்ட் அட்டையைக் காட்டுங்கள்.

திடீரென வயிறு அல்லது முதுகில் கடும் வலி, மயக்கம், கால் சில்லிட்டு மரத்துப்போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் உடனே 999ஐ அழையுங்கள்.