வெளிநாடு போனவரின் நாய்க்கு யார் பொறுப்பு?

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் வாழைத்தோட்டத்தை ஒட்டிய ஒரு வளவை நினைத்துப் பாருங்கள். தம்பிக்குப் பிரான்ஸ் விசா சரிவந்துவிட்டது. காணி உறுதி அம்மாவிடம், மோட்டார் சைக்கிள் சிநேகிதனிடம் என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு செய்துவிட்டார். மிஞ்சியது ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்கிய ரொட்வைலர். "ரெண்டு மாசம் பாத்துக்கொள்ளக்கா, போய் இறங்கினதும் ஒரு வழி பண்ணுறன்" என்கிறார். இரண்டு மாதம் இரண்டு வருடமாகிறது. வெள்ளிக்கிழமையில் மச்சம் சமைக்காத அந்த வீட்டில் நாய்க்காகப் பின்வளவில் தனி அடுப்பு மூட்டி மீன்தலை அவிக்க வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு அதை அவிழ்த்துவிடப் பயம். கட்டியே கிடப்பதால் நாளுக்கு நாள் அதன் மூர்க்கம் கூடுகிறது.

வீடு கற்பனைதான், நிலைமை கற்பனையில்லை. வெளிநாட்டுக்கு ஆளனுப்பாத குடும்பம் அரிதான வலிகாமத்தில் இந்தச் சுமை பெரும்பாலும் ஊரில் தங்கிய அக்காமார், வயதான பெற்றோர் தலையில்தான் விழுகிறது. "தம்பியின்ர நாய்தானே" என்று நினைத்து அவர்கள் செய்யாமல் விடும் சில காரியங்கள் ஆளையே கொல்லக்கூடியவை.

முதலாவது விசர்நாய்க்கடித் தடுப்பூசி. 1973இல் இலங்கையில் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்கு ஊசி போடும் வேலைத்திட்டங்களாலும் கடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் மருந்தாலும் அந்த எண்ணிக்கை அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியது. அறிகுறி தொடங்கிவிட்டால் இன்றும் இந்த நோயிலிருந்து ஆளைக் காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும். சுகாதாரத் திணைக்களம் நடத்தும் முகாம்களில் அது இலவசம். எப்போது, எங்கே என்பதைக் கோப்பாய் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்கலாம்.

ஊசி போட்ட அட்டை எங்கே? அநேகமாகத் தம்பியின் பழைய பைலுக்குள் கிடக்கும், அல்லது பாரிஸ் போய்ச் சேர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையை நாய் கடித்தால் வைத்தியர் முதலில் கேட்பது, "நாய்க்கு ஊசி போட்டதா, கடைசியாக எப்போது?" என்பதைத்தான். அந்த நேரத்தில் பிரான்சுக்கு அழைப்பெடுத்துத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நாய் பொறுப்புக்கு வந்த அன்றே அட்டையைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் புதிதாக ஊசி போட்டு உங்கள் கையில் அட்டை வைத்திருங்கள். கடித்தால் காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம். நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம். அதைப் 14 நாட்கள் கட்டிவைத்துக் கவனித்தால்தான் நோய் உண்டா இல்லையா என்பது தெளிவாகும்.

கடியால் வரும் நட்டஈட்டுப் பொறுப்பு நாயின் சொந்தக்காரரைத்தான் சேரும் என்று பலர் ஆறுதலடைகிறார்கள். இலங்கையில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டம் சொந்தக்காரரைப் பொறுப்பாக்குவது உண்மைதான். ஆனால் கேற்றைத் திறந்துவிட்டது நீங்கள், சங்கிலி அறுந்திருந்ததைக் கவனிக்காததும் நீங்கள் என்றால் கவலையீனத்துக்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டும். பாரிஸிலிருக்கும் தம்பியைத் தேடி யாரும் போகப்போவதில்லை. உங்கள் படலையடிக்குத்தான் வந்து நிற்பார்கள்.

1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி உள்ளூராட்சி சபையில் நாயைப் பதிய வேண்டும். நீர்வேலிக்கு அது வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை. இனி நாய் உங்களோடுதான் என்றால் உங்கள் பெயரில் பதியுங்கள்.

இனி, பொறுமை எல்லை கடந்தபின் சிலர் செய்வது. இரவில் முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ இறக்கிவிட்டு வருவது. வளவில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. அந்த இடத்துக் கட்டாக்காலி நாய்கள் அதைக் குதறிவிடும், அல்லது வாகனம் அடிக்கும். தப்பினால் அடுத்த ஊரின் பிரச்சினையாகும். பெண் நாயென்றால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குட்டிகளும் தெருவுக்கு வரும். 1995 ஒக்டோபர் 30இல் போரால் வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது வளர்ப்பு மிருகங்களை விட்டுவிட்டுப் போனோம். அன்று வேறு வழியிருக்கவில்லை. இன்று வழி இருக்கும்போது அதையே செய்வதை என்னால் ஏற்க முடியாது. மிருகங்களுக்குத் தேவையற்ற வேதனை கொடுப்பது 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் தண்டப்பணம் 100 ரூபாய் என்பது வெட்கக்கேடு. 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்த விலங்கு நலச் சட்டவரைவும் வருடக்கணக்காக இழுபட்டது. தண்டம் சிறிதென்பதற்காகச் செய்த காரியம் சிறிதாகிவிடாது.

மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கூடப்பிறந்த பாசத்தால் ஆயுள் முழுக்க ஒரு நாயைச் சுமக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "இந்தத் திகதிக்குப் பிறகு என்னால் ஏலாது, வேறு ஒழுங்கு செய்" என்று வட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்புங்கள். நாயை வேறொருவருக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு "என்ர நாயைக் கேக்காமல் குடுத்திட்டாய்" என்ற சண்டைக்கு அதுதான் மருந்து. மிருக வைத்தியர் பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள். இன்னொருவர் ஒப்படைத்ததைப் பராமரிக்க ஏற்பட்ட அவசியச் செலவைத் திருப்பிக் கேட்கும் உரிமை ரோமன் டச்சுச் சட்டத்தில் உண்டு. ஊரிலேயே இருக்கும் சகோதரம் என்றால் 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சட்டத்தரணிச் செலவில்லை, ஒரு மேசையில் இருந்து பேசித் தீர்க்கலாம். வெளிநாட்டிலிருப்பவரிடம் அது எடுபடாது. அங்கே அம்மாவின் ஒரு தொலைபேசி அழைப்புக்குத்தான் பலம் கூட.

புது வீடு தேடும்போது தோட்டக் காவலுக்கு நாய் வேண்டுமென்பவர்களை மிருக வைத்தியரிடமே விசாரியுங்கள். கருத்தடை செய்த, ஊசி அட்டையுள்ள நாயை வாங்க ஆள் இலகுவில் கிடைக்கும். குட்டி போடாமலிருக்க அடிக்கடி ஊசி போடுவது கருப்பையில் சீழ் கட்ட வைக்கக்கூடும். ஒருமுறை சத்திரசிகிச்சை செய்வதே நல்லது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கிறது. கேட்காமல் கொண்டுபோய் இறக்க வேண்டாம், முதலில் தொடர்புகொண்டு இடமிருக்கிறதா என்று கேளுங்கள்.

"நாயைப் பிறகு கூப்பிடுறன்" என்பவர்களுக்கும் ஒரு விடயம். பிரான்ஸோ பிரித்தானியாவோ என்றால் நாய்க்கு மைக்ரோசிப், அதன்பின் ஊசி, குறைந்தது 30 நாட்கள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. நாலு மாதத்துக்குக் குறைய முடியாது. கனடா 2022 செப்டெம்பர் 28 முதல் இலங்கை உட்பட விசர்நாய்க்கடி ஆபத்துக் கூடிய நாடுகளிலிருந்து வணிக வகை நாய்களை மறிக்கிறது. தத்துக் கொடுக்க அனுப்புவதும் அந்த வகைக்குள்தான் வரும். ஆகவே கொண்டுபோக எண்ணமிருந்தால் வேலையை விசா விண்ணப்பத்தோடேயே தொடங்க வேண்டும்.

பயணப் பை கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைமாரே, ஊசி அட்டையை அக்காவின் கையில் கொடுங்கள். நாய்க்கு யார், எதுவரை, மாதம் எவ்வளவு என்று ஒரு கடதாசியில் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போங்கள். ஏற்கனவே போய்விட்டவர்கள் இந்த மாதமே அழைத்து, நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டு, அதற்கான காசையும் அனுப்பிவையுங்கள்.