சாத்தாத கதவும் திறக்காத கதவும்

ஆதிரங்கம் சேவிக்க ஸ்ரீரங்கப்பட்டணம் வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் முன்பெல்லாம் டெம்போ டிராவலரில் வந்து லாட்ஜில் அறை எடுத்துத் தங்குவார்கள். இப்போது அதே மாதிரி வேனுக்குள் கட்டில், அடுப்பு, கழிப்பறை வைத்துக் கட்டிய கேரவனை பெங்களூரில் வாடகைக்கு எடுத்து, காவிரி சங்கமம், ரங்கனதிட்டு, மைசூரு என்று சுற்றுகிறவர்களும் உண்டு. சாதாரண வேனின் கதவு ஒரு நாளில் சில முறைதான் திறக்கும். கேரவனின் கதவோ வீட்டு வாசல்போலப் பொழுதெல்லாம் திறந்து மூடும். அதன் உட்புறத்தில் பிளைவுட், மெத்தை, தட்டு என்று ஏற்றிவிட்டால் கனமும் கூடும். கீல் தொய்ந்து லாக் தகராறு செய்யாவிட்டால்தான் ஆச்சரியம்.

லாக் வேலை செய்யும் விதம் எளிது. கதவின் ஓரத்தில் நகம்போல ஓர் இரும்புத் துண்டு இருக்கும். எதிரே சட்டத்தில் உள்ள வளையத்துக்கு ஸ்ட்ரைக்கர் என்று பெயர். கதவைச் சாத்தும்போது நகம் அந்த வளையத்தை இரண்டு கட்டமாகக் கவ்வும். முதல் ‘டக்’கோடு நின்றுவிட்டால் கதவு மூடியதுபோலவே தெரியும். வேகத்தடையில் ஒரு குலுக்கு போதும், திறந்துகொள்ள.

சோதித்துப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஸ்க்ரூடிரைவரால் நகத்தைத் தள்ளுங்கள். இரண்டு ‘டக்’ கேட்க வேண்டும். பிறகு உள் கைப்பிடியையும் வெளிக் கைப்பிடியையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நகம் விடுபட வேண்டும். விடவில்லை என்றால் அந்தக் கதவைச் சாத்தாதீர்கள், உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். தூசியும் காய்ந்த கிரீஸும் அடைத்திருந்தால் சுத்தம் செய்து புது கிரீஸ் வைத்தாலே சரியாகிவிடலாம். ஸ்ட்ரைக்கர் நகர்ந்திருந்தால், திருகைத் தளர்த்துவதற்கு முன் அது இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மயிரிழை மயிரிழையாக நகர்த்திச் சாத்திப் பார்க்க வேண்டும். கீல் தொய்ந்திருந்தால் அதைத்தான் முதலில் நிமிர்த்த வேண்டும். ஸ்ட்ரைக்கரைக் கீழே இறக்கிச் சமாளித்தால் சில வாரங்களில் மறுபடி அதே தொல்லை.

உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தால் பற்றவைப்பதில் பயனில்லை, முழு லாக்கையும் மாற்ற வேண்டும். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் இந்தச் சிறு ஸ்பிரிங்குக்காகவே பல ஆண்டுகள் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த சிறு துண்டு விரிசல் விட்டது. வெப்பமான மாநிலங்களில் அந்தக் கோளாறு அதிகம். 2020-இல் சுமார் 20 லட்சம் வண்டிகளை மீண்டும் அழைத்தார்கள். முந்தைய ரிப்பேரே ஒழுங்காக நடந்திருக்காது என்ற சந்தேகம்தான் காரணம்.

நம் ஊர் ரிப்பேர் வேறு ரகம். கதவு நிற்கவில்லை என்றதும் வெளியே ஒரு தாழ்ப்பாள், இல்லாவிட்டால் கயிறு, கம்பி. கதவு நின்றுவிடும், வேலை முடிந்தது என்று பட்டறைக்காரரும் நினைப்பார், நாமும் நினைப்போம். ஆனால் சாத்தாத கதவைவிட, வேண்டும்போது திறக்காத கதவு கொடியது. 2025 அக்டோபர் 14 அன்று ராஜஸ்தானில் ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூர் சென்ற ஏ.சி. ஸ்லீப்பர் பஸ் தீப்பிடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாற்றிக் கட்டப்பட்ட வண்டி அது. கதவு சிக்கிக்கொண்டதால் பலர் வெளியேற முடியவில்லை என்று செய்திகள் கூறின. பத்தே நாளில் கர்னூல் அருகே ஹைதராபாத்–பெங்களூர் பஸ்ஸும் எரிந்தது. கேரவனுக்கும் ஆபத்து குறைவில்லை: உள்ளே கேஸ் அடுப்பும் சில வண்டிகளில் ஜெனரேட்டரும் உண்டு. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனில் இருவர் இறந்தது ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு புகையால். தூங்குகிறவர்கள் விழித்தவுடன் ஒற்றைக் கையால் உள்ளிருந்து திறக்கக்கூடியதாகக் கதவு இருந்தாக வேண்டும். வெளித் தாழ்ப்பாளைப் பார்த்தால் வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள்.

பெங்களூர்–மைசூரு விரைவுச்சாலையில் போகும்போது கதவு ஆடினால், யாரும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். இடது ஓரமாக நிறுத்தி, எல்லோரும் தடுப்புக்கு அப்பால் போய் நின்று, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழையுங்கள்.

யார் பொறுப்பு? வாடகை வண்டி என்றால் சேவைக் குறைபாட்டுக்கு வாடகை நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். சொந்த வேனைப் பட்டறையில் கேரவனாக்கியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்திலிருந்து வண்டியை இஷ்டம்போல மாற்ற முடியாது. கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்ற தரநிலை இருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கித்தருவது பட்டறையின் வேலையா உங்கள் வேலையா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். அனுமதியில்லாத மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் தகராறு செய்ய இடமுண்டு.

லாக் தயாரிப்பிலேயே கோளாறு என்றால், 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திரும்ப அழைக்கும் விதிகள் 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். புகாரைப் பரிவாஹன் தளத்தில் பதியலாம். ஒரே கோளாறு பலருக்கும் இருந்தால்தான் அது நகரும். உங்கள் ஒரு வண்டிக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஒற்றை வண்டிக்காரருக்கு வழி 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். குறைபாடுள்ள பொருளால் காயம்பட்டால் தயாரித்தவர், விற்றவர், சரிசெய்தவர் என யாரிடமும் இழப்பீடு கேட்க அதில் தனி அத்தியாயமே உண்டு. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். பலன் இல்லாவிட்டால், கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. தமிழ்நாட்டு வாசகர்கள் கவனிக்க வேண்டியது: வண்டி கர்நாடகத்தில் கெட்டாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இணையவழி இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். கெடு 2 ஆண்டு.

சான்று இல்லாமல் எதுவும் நிற்காது. வண்டியை எடுக்கும்போதே கதவைத் திறந்து மூடி வீடியோ எடுத்து வாடகை நிறுவனத்துக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். வழியில் ரிப்பேர் செய்தால் என்ன கோளாறு, என்ன மாற்றினார்கள் என்று எழுதிய பில் வாங்குங்கள். கழற்றிய பழைய லாக்கைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஆணையம் நிபுணர் சோதனைக்கு அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டிய பொருள் அதுதான்.