நிலமும் நீரும் ஒரே கணக்கு

2018-இல், சேலம் – சென்னை எட்டு வழிச் சாலைக்காக எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்து வயல்களில் அளவைக் கற்கள் நடப்பட்டன. 277 கி.மீ. நீளமும் ஏறத்தாழ ரூ.10,000 கோடி மதிப்பும் கொண்ட திட்டம் அது. "ஐயா, நீங்க பொருளாதாரம் படிச்சவங்க, குடுக்குறதாச் சொல்ற இழப்பீடு சரிதானான்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்று ஊர் விவசாயி ஒருவர் என்னிடம் வந்து கேட்டார்.

நிலம், வீடு, கிணறு, தென்னைகள் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்ட முடிந்தது. ஆனால், அந்த வயலில் நாற்று நட்டுப் பிழைக்கும் நிலமற்ற பெண்களின் கூலியையும், கிணற்றுக்கு ஊற்றளிக்கும் மலைச்சரிவையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பொருளியலில் இவற்றைப் 'புறவிளைவுகள்' என்போம். பெயர் வைத்துவிட்டதாலேயே கணக்கு முடிந்துவிட்டதாகக் கருதுவது எங்கள் துறையின் பழைய வழக்கம்.

போப் பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' என்னும் சுற்றுமடலை நான் படித்தது அதன் பிறகுதான். 'இறைவா உமக்கே புகழ்' எனத் தமிழில் அறியப்படும் மடல் இது. நான் கத்தோலிக்கன் அல்லன். ஆயினும் என் கணக்கில் விடுபட்டவை அதில் இருந்தன. சமூக நெருக்கடி ஒன்று, சுற்றுச்சூழல் நெருக்கடி மற்றொன்று எனப் பிரித்துப் பார்க்கலாகாது. இரண்டும் பின்னிப் பிணைந்த ஒரே நெருக்கடி என்பதே அதன் மையக் கருத்து.

இக்கருத்துக்கு நீண்ட வேர் உண்டு. தொழிலாளரின் நியாயமான ஊதியத்தையும் சங்கம் சேரும் உரிமையையும் வலியுறுத்தி, 13-ஆம் லியோ 1891-இல் 'ரேரும் நோவாரும்' என்னும் மடலை வெளியிட்டார். அதில் தொடங்கிய சமூகப் போதனை, படிப்படியாக நிலம், வீடு, தட்பவெப்பம் ஆகியவற்றையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது.

2015 மடல் நடைமுறை சார்ந்த இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறது. ஏழைகளை இடம்பெயர்க்க நேர்ந்தால், அவர்களுக்கு முன்கூட்டியே முழுத் தகவல் தரவேண்டும். தகுந்த மாற்று வீடுகளைக் காட்டி, முடிவெடுப்பதில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இது முதலாவது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, திட்டம் தீட்டி முடித்த பின் செய்யும் சடங்காக இல்லாமல், தொடக்கம் முதலே அதன் பகுதியாக இருக்க வேண்டும்; உள்ளூர் மக்களுக்கு அதில் தனி இடம் வேண்டும். இது இரண்டாவது.

எட்டு வழிச் சாலை வழக்கின் மையக் கேள்விகளுள் ஒன்றும் இந்த வரிசை பற்றியதே. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமோ, அத்தகைய அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் பார்வையில் நிலம் ஒரு கோப்பு. நீரும் மலையும் வேறொரு கோப்பு. அவற்றுக்குப் பின்னால் இருப்பதோ ஒரே குடும்பம்.

இந்தப் போதனை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே பல்லாண்டுகள் பணியாற்றினார். பட்டியல் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் அளிக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்பதே அவர் இடைவிடாது எழுப்பிய கேள்வி. பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்ட அவர், விசாரணை தொடங்கும் முன்பே, 2021 ஜூலை 5 அன்று, தம் 84-ஆம் வயதில் காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் காலமானார்.

திருச்சபையும் தன் அளவுகோலால் தன்னையே அளந்துகொள்ள வேண்டும். சாதிக்கொரு கல்லறைப் பகுதி ஒதுக்கும் வழக்கம் தமிழகத்தில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. தலித் கிறித்தவர் மீதான தீண்டாமை தன்னுள்ளும் நிலவுவதை இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது தொடக்கம் மட்டுமே. இறந்தவர்க்கு ஆறடி நிலத்தைச் சமமாகப் பகிரத் தயங்கும் சமூகம், இருப்பவர்க்கு நிலநீதி கேட்கும்போது அதன் குரல் தளரத்தான் செய்யும்.

சாலைகள் வேண்டாம் என்பது என் வாதமன்று. வாணியாற்றுப் பாசனத்தில் விளையும் கரும்புக்கும் நல்ல சாலை தேவைதான். கல் நடும் முன் கிராம சபையைக் கேளுங்கள். நிலத்தின் விலையோடு நீரையும் கூலியையும் ஒரே தாளில் எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள். இதற்கு எந்தச் சமயத்தையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

அன்று அந்த விவசாயியிடம் ஒரு தொகையைக் குறித்துக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "இதுல எங்க கெணத்துத் தண்ணி எங்கய்யா இருக்கு?" என்றார். முப்பது ஆண்டுகள் பொருளியல் கற்பித்த என்னிடம் அதற்கு விடை இருக்கவில்லை.