எஃகுக் கப்பலில் ஒரு தச்சர்

முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் பெரும்பாலானவை எஃகால் கட்டப்பட்டு நீராவியால் ஓடியவை என்றாலும், அவற்றின் ஊழியர் பட்டியலில் தச்சருக்கு ஓர் இடம் இருந்துகொண்டே வந்தது. மரக்கலங்களின் காலத்தில் அவருடைய தேவை வெளிப்படையானது: பலகைகளின் இடுக்குகளில் சணல் நாரைத் திணித்துக் கீல் பூசி அடைக்கும் கலப்பற்று வேலையும், போரில் நீர்மட்டத்தை ஒட்டிப் பீரங்கிக் குண்டு துளைத்த இடத்தை உள்ளிருந்து மரமுளை அறைந்து மூடும் வேலையும் அவருடையவை. கப்பலின் உடல் எஃகாக மாறிய பின்னும், நீர் புகாமல் காப்பதும் புகுந்த நீரைக் கண்டறிவதும் அவர் பொறுப்பாகவே நீடித்தன.

சரக்கறையின் வாயைத் தடித்த மரப்பலகைகளால் மூடி, மேலே தார்ப்பாய்களை அடுக்கடுக்காக விரித்து, அவற்றின் ஓரங்களை இரும்புப் பட்டைகளால் அழுத்தி, பட்டைகள் நெகிழாதபடி வரிசையாக மர ஆப்புகளை அடிப்பார்கள். பெருங்கடல் அலை தளத்தின்மேல் புரளும்போது கப்பலின் உயிர் அந்த ஆப்புகளில்தான் இருந்தது என்பதால், அவற்றைச் சோதித்து இறுக்குவது தச்சரின் அன்றாடக் கடமை. கப்பலின் அடிவரை இறங்கும் குழாய்களுக்குள், சுண்ணக்கட்டி தேய்த்த இரும்புக் கோலைக் கயிற்றில் கட்டி இறக்கி, கோல் எவ்வளவு உயரம் நனைந்திருக்கிறது என்று பார்த்து, அடியில் தேங்கிய நீரின் அளவை நாள்தோறும் அதிகாரியிடம் அறிவிப்பவரும் அவரே. நங்கூரம் பாய்ச்சும்போது முன்தளத்தில் சங்கிலிச் சுருள்பொறியின் தடையைப் பிடித்து நிற்பார். உயிர்காப்புப் படகுகளைப் பழுதுபார்ப்பார். பெரும்பாலும் கப்பல் கட்டும் தளத்தில் பல ஆண்டுகள் தொழில் பழகி வந்தவர். அதிகாரிகளுக்கும் சாதாரண மாலுமிகளுக்கும் இடைப்பட்ட நிலையினர்.

1917 பிப்ரவரி 1 முதல் ஜெர்மனி எச்சரிக்கையின்றி வணிகக் கப்பல்களைத் தாக்கும் நீர்மூழ்கிப் போரை மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் மட்டும் நேச நாடுகளும் நடுநிலை நாடுகளும் இழந்த கப்பல்களின் கொள்ளளவு 8 லட்சம் டன்னைத் தாண்டியது. டார்பிடோ பாய்ந்ததும் நீர் எந்த அறையில், எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதைக் கப்பல் தலைவர் அறிந்தாக வேண்டும். அதை அளந்து சொல்ல வேண்டியவர் தச்சர். மற்றவர்கள் படகுகளை நோக்கி ஓடும் வேளையில் அவருடைய வேலை அவரை எதிர்த்திசையில் இழுத்தது. 1915 மே 7 அன்று அயர்லாந்துக் கரைக்கு அப்பால் தாக்கப்பட்ட லூசிடானியா போன்ற மாபெரும் கப்பலே 18 நிமிடங்களில் மூழ்கியது என்னும்போது, சிறிய சரக்குக் கப்பலில் அளப்பதற்குக்கூட நேரம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

1894ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டப்படி, கப்பல் அழிந்த கணத்தோடு ஊழியரின் பணி முடிந்துவிடும். ஊதியமும் அந்த நாள்வரைக்கும்தான். பகைவர் தாக்குதலால் மூழ்கினாலும் கணக்கு அப்படியே தீர்க்கப்பட்டது என்பது இன்று படிப்பவருக்குக் கொடுமையாகத் தோன்றும். 1925இல் வந்த சட்டம்தான் கப்பலை இழந்து வேலையற்றவருக்கு இரண்டு மாதம் வரை ஊதியம் பெற வழிசெய்தது.

கடலையே கல்லறையாகக் கொண்ட வணிகக் கப்பல் ஊழியர்களுக்காக லண்டனின் டவர் ஹில்லில், எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த நினைவுமண்டபம் 1928இல் திறக்கப்பட்டது. முதல் போரில் மாண்ட ஏறத்தாழ 12 ஆயிரம் பேரின் பெயர்கள் அங்கு வெண்கலத் தகடுகளில் கப்பல்வாரியாக உள்ளன. தலைவரும் இறந்திருந்தால் அவர் பெயர் முதலில் வரும், ஏனையோரின் பெயர்கள் அகரவரிசையில் தொடரும். அந்தப் பெயர்களுள் தச்சர் யார் என்பதை அறிய ஊழியர் ஒப்பந்தப் பட்டியலை நாடலாம். பெயர், வயது, பிறந்த ஊர், முகவரி, பணி ஆகியவை அதில் பதிவாகியிருக்கும். 1915ஆம் ஆண்டுப் பட்டியல்களைப் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகமும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகமும் சேர்ந்து பெயர்வாரியாகத் தேடும்படி படியெடுத்துள்ளன.